அலைப்பங்கீட்டியல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூலென்றால் எட்டு உறுப்போடு பாயிரம் வேண்டும் என்பது மரபு. அதை முதலில் முடித்துவிடுவோம். ஆக்கியோன் பெயர்: சொல்வதற்கில்லை, சொன்னால் அயலவர்கள் படலைக்கு வந்துவிடுவார்கள். வழி: 1997இல் வெளிவந்த 802.11 என்னும் விதித்தொகை முதனூல். இது வழிநூல், கிளிநொச்சிக்கு ஏற்ப இடைக்கிடை திரித்துச் சொல்வது. எல்லை: வடக்கே ஆனையிறவு, தெற்கே வவுனியா, கிழக்கே முல்லைத்தீவுக் கடல், மேற்கே பூநகரி. நூற்பெயர்: மேலே உண்டு. யாப்பு: சூத்திரம் சில, உரை பல. நுதலிய பொருள்: ஒரே ஒழுங்கையில் இருக்கும் வைஃபைகள் ஒரே ஆகாயத்தைப் பங்கிடும் முறை. கேட்போர்: ‘லைன் ஸ்லோ’ என்று கம்பனிக்குப் போன் எடுத்துப் பாட்டுக் கேட்டபடி காத்திருப்போர். பயன்: பிழையான அயலவரைச் சந்தேகப்படுவதை விட்டுச் சரியான அயலவரைச் சந்தேகப்படுதல்.

முதலாவது: அலை இயல்

*வேலி அறியாது மதிலும் அறியாது*
*ஒழுங்கை முழுதும் உலாவலின் அலையே*
*ஒருவர்க்கு உரித்தென உரைத்தல் இலவே.*

என்பது சூத்திரம். இதன் பொருள்: உங்கள் ரவுட்டர் விடும் அலை உங்கள் வளவோடு நிற்பதில்லை. கிடுகு வேலியை அது மதிக்காது. சீமெந்துக் கல்மதிலில் கொஞ்சம் களைக்கும், ஆனாலும் தாண்டும். தகரத்தில் மட்டுமே திரும்பும். திரும்பியதும் மற்றப் பக்கத்து வீட்டுக்குப் போகும். கார்த்திகை மாரியில் நனைந்த ஓலையும் மாவிலையும் அதைக் கொஞ்சம் குடிக்கும். எனவே மாரியில் அயலாரின் தொல்லை குறையும் என்பர் ஒருசாரார். தமது சிக்னலும் கூடவே குறைவதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கொள்க. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறை வன்னியில் இன்னும் இருக்கிறது. மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்தக் காலத்தில் ஒருவர் பெடலை மிதிக்க, ஊரே கூடி நின்று பிபிசி தமிழோசை கேட்டது. பத்துப் பேர் கேட்டாலும் நூறு பேர் கேட்டாலும் அலை குறையவில்லை. அங்கே ஒலிபரப்புகிறவர் ஒருவர், மற்றவர்கள் எல்லாம் கேட்பவர்கள். வைஃபையில் அப்படியல்ல. ஒவ்வொரு வீடும் ஒரு வானொலி நிலையம். படம் பார்க்கிற போன்கூட, ‘வந்தது, வந்தது’ என்று திருப்பி ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. கேட்கிறவர்கள் பெருகினால் அலை தேயாது. பேசுகிறவர்கள் பெருகினால் தேயும். ஒழுங்கைச் சண்டைகளுக்கு மூலம் இதுவே.

ஆகாயம் முழுவதும் இப்படிப் பொதுவா எனின், அன்று. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுதான் இலங்கையின் அலைக்கற்றைக்குக் காவல். ஏ9 வீதியோரம் நிற்கும் டவர்கள் எல்லாம் கம்பனிகள் காசு கட்டி வாங்கிய துண்டுகளில் பேசுகின்றன. வீட்டு வைஃபைக்கோ எவரும் அனுமதிப்பத்திரம் எடுத்ததில்லை. 2400 முதல் 2483.5 மெகாஹேட்ஸ் வரை, அதாவது 83.5 மெகாஹேட்ஸ் அகலத்தில், உலகம் முழுவதும் ஒரு துண்டு ஏறக்குறைய அவிழ்த்து விடப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை அடுப்புகளும் வைத்தியக் கருவிகளும் இரைச்சல் போடும் துண்டு அது. வேறு ஒருவருக்கும் வேண்டாத தரிசு. 1985இல் அமெரிக்க ஆணைக்குழு அதை அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் பாவிக்கலாம் என்றது. தரிசு நிலத்தில் குடியேறியவர்களின் கதை எப்படி முடியும் என்று வன்னியில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை: முதலில் இடம் தாராளம், பிறகு எல்லைப் பிரச்சினை.

அந்தத் துண்டில் நமக்கு 13 சனல் உண்டு. உண்மையில் மூன்றே உண்டு. ஒரு சனலின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் இடையே 5 மெகாஹேட்ஸ்தான். ஒவ்வொரு சனலும் பேசுவதோ 20 மெகாஹேட்ஸ் அகலத்தில். ஆகவே 1இல் இருப்பவர் 2, 3, 4 வரைக்கும் காலை நீட்டித்தான் படுப்பார். ஒன்றில் ஒன்று முட்டாமல் நிற்பவை 1, 6, 11 ஆகிய மூன்று. அஃதேல், பெட்டியில் 13 என்று போட்டிருப்பது பொய்யோ எனின், பொய்யன்று. பதின்மூன்று இடத்தில் நிற்கலாம், மூன்று பேர் நிற்கலாம் என்பதே அதன் பொருள்.

சிலர் 1, 5, 9, 13 என நான்காக்குவர். கணக்கில் அது சரி. ஒழுங்கை முழுவதும் அந்த நான்கிலேயே நின்றால்தான் பலிக்கும். ஒருவர் 6இல் நின்றாலே 5உம் 9உம் கெடும். ஒழுங்கை முழுவதும் ஒத்துக்கொண்ட விடயம் ஒன்றை உரைகாரர் இன்னும் கண்டிலர்.

எந்த நாட்டுப் படத்துக்கும், பக்கத்து நாடுகள் ஒரே நிறமாகாமல் தீட்ட, நான்கு நிறம் போதும் என்று அப்பலும் ஹாக்கனும் 1976இல் கணினியை வைத்து நிறுவினர். நம்மிடம் இருப்பதோ மூன்று நிறம். அதற்கு மேல், வேலிக்கு வேலி முட்டுகிறவர்கள் மட்டுமா அயலவர்? மூன்று வளவு தாண்டி இருப்பவரின் அலையும் வந்து படுகிறது. ஆகவே நகரத்தில் சனல் முட்டாமல் எல்லோருக்கும் பங்கிட முடியாது. முட்டுவது உறுதி, எப்படி முட்டுவது என்பதில்தான் நாகரிகம் இருக்கிறது. அதைச் சொல்வது அடுத்த இயல்.

இரண்டாவது: செவி இயல்

*கேட்டடங் குநரும் அரைச்செவி யினரும்*
*மறைந்துநின் றோரும் வீணடங் குநரும்*
*செவியிலி யோரும் எனஐவர் அயலே.*

அயலவரைச் சாதியாலும் காணியாலும் கட்சியாலும் வகுத்தவர்கள் உண்டு. இந்நூல் செவியால் வகுக்கிறது. வைஃபையின் முழு நாகரிகமும் ‘பேசுமுன் கேள்’ என்ற ஒரு விதியில் நிற்பதே காரணம். ரவுட்டரும் போனும் வாய் திறக்குமுன் ஆகாயத்தைக் கேட்கும். யாரும் பேசினால் அடங்கும். ஆகாயம் ஓய்ந்ததும் உடனே பாயாது. 0 முதல் 15 வரை ஓர் எண்ணை மனத்தில் எடுத்து அதை எண்ணிக் கழிக்கும். ஒரு எண்ணுக்கு விநாடியின் பத்து இலட்சத்தில் 9 பங்கு நேரம். சின்ன எண் எடுத்தவர் முதலில் பேசுவார். இருவர் ஒரே எண்ணை எடுத்தால் மோதுவர். மோதியவர்கள் அடுத்த முறை 31 வரை, பிறகு 63 வரை என்று இரட்டித்து, 1023 வரை பொறுமையை வளர்த்துக்கொள்வர். மனிதரில் மோதல் கூடக் கூடப் பொறுமை குறையும். இயந்திரத்தில் கூடும்.

முதலாமவர், கேட்டடங்குநர். உங்கள் சனலிலேயே இருக்கும் அயலவர். ‘என் சனலில் பக்கத்து வீட்டுக்காரனும் இருக்கிறான்’ என்று ஆத்திரப்படுவோர் பலர். ஆத்திரத்துக்கு இடமில்லை. ஒரே சனலில் இருப்பவருக்கு உங்கள் பேச்சு எழுத்தெழுத்தாக விளங்கும். எவ்வளவு நேரம் பேசப் போகிறீர்கள் என்றுகூட உங்கள் முதல் வரியில் அவர் அறிந்துகொள்வார். முடியும் வரை வாய் திறக்கமாட்டார். நேரம் பங்காகும், பேச்சுக் கெடாது. அயலவரில் உத்தமர் இவரே. அவரை விட்டு ஓடுகிறவர்கள்தான் இரண்டாம் வகையாகிறார்கள்.

இரண்டாமவர், அரைச்செவியர். இவரைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். வவுனியா வைரவபுளியங்குளத்தைப் போல ரியூசன் நிலையங்கள் நெருங்கிய ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்க. பின்னேரம் நாலு மணி. இரண்டு நிலையங்களிலும் சூம் வகுப்பு. இடையே ஒரு கொமினிகேசன் கடை. மாடியில் வாடகைக்கு இருக்கும் பெடியள். ஒரு நிலையத்தின் உதவியாளர், கெட்டிக்காரத் தம்பி, போனில் ஓர் ஆப் இறக்கிப் பார்க்கிறார். திரையில் நிறம் நிறமாய் மேடுகள்: 1இல் ஒரு மேடு, 6இல் ஒரு மேடு. நடுவிலே 3இல் வெளி. “சேர், இங்க ஒருத்தரும் இல்ல” என்று 3இல் போடுகிறார். சேரும் தலையாட்டுகிறார். அன்று பின்னேரமே ஒழுங்கை முழுவதும் முகங்கள் உறைந்து நிற்கின்றன, குரல் பிசகுகிறது, கொமினிகேசன் அக்கா ரவுட்டரை நிறுத்திப் போடுகிறார், நிறுத்திப் போடுகிறார்.

நடந்தது இது. 3இல் இருப்பவரின் பேச்சில் பாதி 1இலும் கால்வாசி 6இலும் சிந்துகிறது. 1இல் இருப்பவருக்கு அது பேச்சாக விளங்காது, வெறும் இரைச்சல். விதித்தொகை சொல்கிறபடி, விளங்குகிற பேச்சென்றால் மிக மெல்லிய குரலுக்கும் அடங்கவேண்டும். விளங்காத இரைச்சலென்றால் அதைப்போல் 100 மடங்கு வலுத்தால் மட்டும் அடங்கினால் போதும். ஆகவே 1காரர் 3காரரை மதிக்காமல் பேசுவார், 3காரரும் அப்படியே, 6காரரும் 3காரர் மேல் பேசுவார். மூவரும் மரியாதையானவர்கள்; மூவரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். இங்கே குற்றவாளி பேராசைக்காரன் அல்ல, ஒதுங்கிப் போன நல்ல பிள்ளை. 2, 3, 4, 5, 7, 8, 9, 10, 12, 13 ஆகிய பத்துச் சனலிலும் வாழ்பவர் இவ்வகையினரே. அவர்களில் ஒருவரும் தம்மை இவ்வகையில் சேர்த்துச் சொன்னதில்லை.

மூன்றாமவர், மறைந்துநின்றோர். ஒரு ரவுட்டர் நடுவில். இருபக்கமும் இரண்டு போன். நடுவில் உள்ளதற்கு இருவரும் கேட்கும். அந்த இருவருக்கும் ஒருவரை ஒருவர் கேளாது. இடையில் தகரக் கொட்டிலோ மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியோ நிற்கும். இருவரும் முறைப்படி காதுகொடுத்துக் கேட்டு, ஆகாயம் ஓய்ந்திருப்பதாக நம்பி, ஒரே கணத்தில் பேசுவர். கேளாமல் பேசுவதன் பலனைக் கணக்குப் பார்த்தது ஹவாய்ப் பல்கலைக்கழகம். 1971இல் நோர்மன் ஏப்ரம்சன் தீவுக்குத் தீவு றேடியோவால் கணினிகளை இணைத்த அலோஹா வலையில் எவரும் எப்போதும் பேசலாம். அந்த முறையில் ஆகாயத்தின் 18 சதவீதத்துக்குச் சற்றுக் கூடத்தான் பயன்படும், மீதி மோதலுக்கும் வெறுமைக்கும் போகும். மறைந்தோர் நிறைந்த ஒழுங்கை மெல்ல மெல்ல அலோஹாவாகிறது. மருந்து உண்டு. அமெச்சூர் றேடியோக்காரரான பில் கார்ன் 1990இல் சொன்னது: பேசுமுன் ‘பேசலாமா’ என்று சின்னதாய்க் கேள், நடுவில் இருப்பவர் ‘பேசு’ என்று உரக்கச் சொல்லட்டும், அந்த உரத்த குரல் மறைந்திருப்பவருக்கும் கேட்கும், அவர் அடங்குவார். விதித்தொகை அதை எடுத்துக்கொண்டது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் அதைச் சும்மா வைத்திருக்கின்றன.

நாலாமவர், வீணடங்குநர். அடங்கத் தேவையில்லாத இடத்திலும் அடங்குபவர். அயலவரின் பேச்சு தமக்குக் கேட்கிறதென்பதற்காக, தம் பேச்சு அவரைக் கெடுக்காதபோதும் வாய் மூடி இருப்பவர். பாவம். அவ்வளவே.

ஐந்தாமவர், செவியிலியோர். மைக்ரோவேவ் அடுப்பு இவர்களுக்குத் தலைவர். கனடாவிலிருந்து வந்த மாமி வாங்கி வைத்துவிட்டுப் போனது. 2450 மெகாஹேட்ஸில், அதாவது நம் துண்டின் நடுவுக்குக் கிட்ட, சோறு சூடாக்குவது. அது யாரையும் கேட்பதில்லை. ஆயினும் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு: இலங்கை மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, சாதாரண அடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் இரைந்து பாதி நேரம் ஓயும். ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு இரைச்சல், நூறில் ஒரு பங்கு மௌனம். அந்த மௌனத்துக்குள் தம் பேச்சைச் செருகிவிடும் ரவுட்டரும் உண்டு. புளூடூத் இவ்வகையிற் படுமோ எனின், படாது. அது விநாடிக்கு 1600 தரம் இடம் தாவும். கூட்டம் உள்ள இடத்தைக் கண்டால் அதை விட்டுத் தாவவும் பழகியிருக்கிறது. ஆகவே அதைப் புறனடையாகக் கொள்க.

மூன்றாவது: நடு இயல்

*முறையும் பொழுதும் நிறையும் எனமூன்று*
*அறையுங் காலைப் பங்கின் நடுவே.*

நடு என்பது நடுவுநிலை. முறைச் சமன், நேரச் சமன், அளவுச் சமன் என அது மூவகைப்படும். மூன்றும் ஒன்றென்று நினைப்பவர் இவ்வியலை வாசிக்கவேண்டாம். வாழ்க்கை இனிதாய்ப் போகட்டும்.

வைஃபை தெரிந்தது முறைச் சமன் மட்டுமே. எண் எடுக்கும் விளையாட்டில் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு; ஆளுக்கு ஒரு முறை, ஒரு முறைக்கு ஒரு பொதி. இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பொதி 1500 பைட், அதாவது 12,000 பிட். ரவுட்டருக்கு அருகில் இருக்கும் புதுப் போன் விநாடிக்கு 54 மெகாபிட்டில் பேசுகிறது. பொதி முடிய 0.22 மில்லிவிநாடி. மாமரத்தடியில் இருக்கும் பழைய போன் 1 மெகாபிட்டில் இழுக்கிறது. அதே பொதி முடிய 12 மில்லிவிநாடி. ஆளுக்கு ஒருமுறை என்று மாறி மாறிப் பேசினால், புதுப் போன் இவர் முடிக்கும் வரை காத்திருக்கும். முடிவு: இருவருக்கும் 1 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு. 54 இருந்தும் 1. மார்ட்டின் ஹியூஸும் கூட்டாளிகளும் 2003இல் இதைக் கணக்கிட்டு உலகுக்குச் சொன்னபோது, வேகமான பெட்டி விற்றவர்கள் முகம் கொஞ்சம் கோணியிருக்கும்.

நேரச் சமனாக்கினால்? ஆளுக்குப் பாதி நேரம். புதுப் போனுக்கு 27, பழையதற்கு ½. ஒழுங்கையின் மொத்தம் 2இலிருந்து 27½ ஆகிறது. மாமரத்தடியாருடைய பங்கோ பாதியாகிறது.

எது நடு? நடுவை அளக்க ராஜ் ஜெயினும் கூட்டாளிகளும் 1984இல் ஒரு சூத்திரம் தந்தனர். எல்லோருக்கும் ஒரே அளவு கிடைத்தால் 1. ஒருவரே எல்லாம் விழுங்கினால், நாலு பேரில் ¼. அதன்படி, இருவரும் 1 மெகாபிட்டில் முடங்கிக் கிடக்கும் முதல் நிலைக்கு முழு மதிப்பெண். இரண்டாவதற்கு ஏறக்குறைய 0.52. எல்லோரும் சமமாய் வறியரானால் கணிதம் கைதட்டும். உரைகாரர் கைதட்டார்.

இந்தக் கேள்வி வன்னிக்குப் புதிதல்ல. இங்கே இது தண்ணீர்க் கேள்வி. இரணைமடுக் குளத்தின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல். காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில் குளத்தில் உள்ளதுதான் உள்ளது. அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் கூடி, இத்தனை ஏக்கருக்கு என்று முடிவெடுத்து, காணிக்காரருக்குப் பங்கு பிரிப்பார்கள். (யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பங்கு என்று பேச்செடுத்தபோது என்ன நடந்ததென்று கேட்காதீர்கள்; கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று தாளையடியில் எழும்பிய கதை அது.) பங்கு பேப்பரில் முடிந்தாலும் வாய்க்காலில் முடிவதில்லை. துரிசுக்கு அருகில் உள்ள காணிக்கும் வாய்க்காலின் கடைசிக் காணிக்கும் ஒரே அளவு நேரம் திறந்துவிட்டால், கடைசிக்காரருக்கு வந்து சேர்வது குறைவு: வழியில் மண் குடிக்கும், புல் தடுக்கும், இரவில் யாரோ ஒரு தம்பி மடை வெட்டுவார். அதனால்தான் வட்டவிதானை என்றொருவர். அவருக்கு எந்தச் சூத்திரமும் தெரியவேண்டியதில்லை. எந்த வயல் குடலைப் பருவத்தில் நிற்கிறது, எது இன்னும் இரண்டு நாள் பொறுக்கும் என்று தெரியும். கடைசிக்காரரின் பயிர் வாடினால் மேலே மடையைக் கட்டச் சொல்வார். ஏச்சு வாங்குவார். அடுத்த போகத்துக்கும் அவரையே தெரிவு செய்வார்கள்.

ஆகாயத்துக்கு வட்டவிதானை இல்லை. இந்நூல் முழுவதும் சொல்ல வந்தது இந்த ஒன்றையே. மாமரத்தடிப் பழைய போனில் நடப்பது சாதாரண தரப் பிள்ளையின் கணித வகுப்பா, வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகமா, அல்லது ஏற்கெனவே மூன்று தரம் பார்த்த படமா என்று ரவுட்டருக்குத் தெரியாது. படம் பொறுக்கும், வகுப்புப் பொறுக்காது. முறைச் சமனோ நேரச் சமனோ இதை அறியா. அறிவது ஆள் மட்டுமே.

ஆளுக்குப் பதில் விலையை வைக்கலாம் என்றார் ரொனால்ட் கோஸ், 1959இல்: அலைவரிசையைச் சொத்தாக்கி விற்றுவிடுங்கள், பெறுமதி தெரிந்தவன் வாங்குவான். டவர்க்காரர்களுக்கு அது பொருந்தியது. ஒழுங்கைக்குப் பொருந்தாது, சனல் 6ஐ ஏலம் விட்டால் வட்டிக்கடைக்காரரே எடுப்பார். எலினோர் ஒஸ்ட்ரொம் 1990இல் வேறு விதமாகச் சொன்னார்: பொதுச் சொத்தைப் பாவிக்கிறவர்களே விதி செய்து, தாங்களே காவல் காத்தால் நிலைக்கும். இலங்கையின் கிரிந்தி ஓயாவையும் அவர் எடுத்துப் பார்த்தார், வெற்றிக்கு உதாரணமாக அல்ல. விதி செய்கிறவர் வேறாய், வாய்க்காலில் நிற்கிறவர் வேறாய் இருந்தால் கெடும் என்பதற்கு உதாரணமாக.

முறையை ஆளே வகுத்த இடம் தமிழ்நாட்டில் உண்டு. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுக் கிராமங்களில் சிறு கண் நிலையங்களைத் திறந்து, நோயாளியை அங்கே இருத்தி, மருத்துவர் தேனியில் இருந்தபடி வீடியோவில் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தது. கம்பி இல்லை, சாதாரண வைஃபைப் பெட்டியைக் கோபுரத்தில் ஏற்றிப் பல கிலோமீற்றர் தூரத்துக்கு எறிந்தார்கள். அவ்வளவு தூரத்தில் ‘பேசுமுன் கேள்’ பலிக்காது: நீங்கள் கேட்கும்போது ஓய்ந்திருக்கும் ஆகாயம், உங்கள் குரல் போய்ச் சேரும்போது ஓய்ந்திருக்காது. பெர்க்லி ஆய்வாளர்கள் அந்த விதியையே கழற்றிவிட்டு, இன்ன நேரம் நீ, இன்ன நேரம் நான் என்று பொழுதைத் துண்டாக்கிக் கொடுத்தார்கள். 2007இல் அதை எழுதியும் வைத்தார்கள். முறைத்தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அங்கே இரண்டு முனையும் ஒரே மருத்துவமனையின் சொத்து. ஒழுங்கையில் இரண்டு முனையில் இருப்பவர்கள் கோயில் திருவிழாவில் கதைப்பதை நிறுத்தியவர்கள்.

நாலாவது: குற்ற இயல்

குற்றம் நான்கு. அகலப்படுத்தல், உரத்துப் பேசல், பெயர் பெருக்கல், இடைநின்று கூறல்.

அகலப்படுத்தல் என்பது 20க்குப் பதில் 40 மெகாஹேட்ஸ் எடுப்பது. 83.5இல் 40 எடுத்தால் ஏறக்குறைய பாதி போச்சு. ரவுட்டர்ப் பக்கத்தில் ‘அகலம்: தானாக’ என்று இருப்பதைப் பலர் தொடுவதில்லை, தொட்டவர்கள் 40ஐயே தெரிவார்கள், பெரிய எண் நல்ல எண் என்ற நம்பிக்கையில். பயிர் செய்யாத காணிக்கும் தண்ணீர் கட்டுவது இது.

உரத்துப் பேசலை நீண்ட விளக்கமின்றி விடலாம். உங்கள் ரவுட்டர் உரத்தால் போனின் வாய் பெருக்காது. ரவுட்டர் சொல்வது சந்திவரை கேட்கும். போன் சொல்வது ரவுட்டருக்குக் கேளாது. அயலவருக்கு மட்டும் இரண்டும் தொல்லை.

பெயர் பெருக்கல் நுணுக்கமானது. ஒவ்வொரு வைஃபைப் பெயரும், யாரும் பாவிக்காவிட்டாலும், விநாடிக்குப் பத்துத் தரமளவில் ‘நான் இங்கே’ என்று கூவும். அதுவும் மிக மெதுவான 1 மெகாபிட்டில், எவருக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக. ஒரு கூவல் 250 பைட் என்றால் 2 மில்லிவிநாடிக்கு மேல் எடுக்கும். ஒரு பெயருக்கு ஆகாயத்தின் 2 சதவீதம். கடைக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, கமராவுக்கு ஒன்று என்று ஒருவர் மூன்று பெயர் வைப்பார். கரடிப்போக்குச் சந்தியில் போல வரிசைக் கடைகள் நெருங்கிய இடத்தில் ஒரே சனலில் இருபது பெயர் கூடினால், யாரும் ஒரு சொல்லும் பேசுமுன்னரே ஆகாயத்தின் 40 சதவீதம் தம்பட்டத்துக்குப் போய்விடும். பெயரை மறைத்து வைத்தால் குறையுமோ எனின், குறையாது. பெயர் சொல்லாமல் கூவும், அவ்வளவே.

இடைநின்று கூறல் என்பது ரிப்பீற்றர். ஒரே வாயோடு ஒரே சனலில் கேட்டதைத் திருப்பிச் சொல்வதால் ஒவ்வொரு சொல்லும் இருதரம் ஆகாயத்தில் ஏறும், பங்கு பாதியாகும். இது எக்காலும் குற்றமோ எனின், அன்று. அனுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சியவில், வீட்டுக்கு வீடு அலை கடத்திக் காட்டோரக் கிராமம் ஒன்றை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இடைநின்றவர்கள் அயலவருக்காக நின்றார்கள். கிளிநொச்சி நகரில் இடைநிற்பவர் குளியலறையிலும் முகநூல் வேண்டும் என்பதற்காக நிற்கிறார்.

ஒழிபு

5 கிகாஹேட்ஸ் என்று இன்னொரு ஆகாயம் உண்டே எனின், உண்டு. அங்கே சனல் கூடுதல், மதிலைத் தாண்டும் சக்தி குறைவு. குறைவென்பதே அதன் நற்குணம், அயலவர் குறைவர். புதுப் போன்காரரும் டீவிக்காரரும் அங்கே போகட்டும். கொலனிக் காணிகளில் அரை ஏக்கருக்கு ஒரு வீடு என்று இருப்பவர்கள் இந்த நூலை மூடிவிட்டு நிம்மதியாய் எந்தச் சனலிலும் இருக்கலாம். அறிவியல்நகரில் பல்கலைக்கழகப் பெடியள் வாடகைக்கு இருக்கும் வீடுகளுக்கும் வவுனியாவின் ரியூசன் ஒழுங்கைகளுக்கும் சந்திக் கடை வரிசைகளுக்கும்தான் இது விதிக்கப்பட்டது.

அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம அபிவிருத்திச் சங்கம் அடுத்த தரம் கூடும்போது, குடிநீரும் வீதிவிளக்கும் பேசி முடிந்த பின், ஒரு தாளில் வீடுகளை வரிசையாய் எழுதி எதிரே 1, 6, 11, மீண்டும் 1, 6, 11 என்று போடுங்கள். எல்லோருக்கும் 20 அகலம், வீட்டுக்கு ஒரு பெயர். கம்பியூட்டர் தெரிந்த ஒரு பிள்ளையை ஒழுங்கைக்கு வட்டவிதானை ஆக்குங்கள். பரீட்சைக் காலத்தில் எந்த வீட்டில் ஏ.எல். பிள்ளை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். அதுவரை பொறுக்க இயலாதவர்கள், 3இல் இருப்பவர்கள் மட்டும், இன்றிரவே மாற்றவும்.